முதல் மேப்பிங் முகாம்: அரியலூரா, கஞ்சமலையா?

ஜியாலஜி மாணவர்களை, பாறைகளின் எல்லைகளை நடந்து பார்த்து வரைபடமாக்கப் பழகும் முதல் மேப்பிங் முகாமுக்கு எங்கே கூட்டிப்போகலாம் என்று பேச்சு வந்தால், தமிழ்நாட்டில் சட்டென்று வாயில் வரும் பெயர் அரியலூர். அடுத்து வருவது சேலத்துக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலை. இரண்டும் அருமையான இடங்கள். ஆனால் முதல் முகாமுக்கு என்றால் என் ஓட்டு கஞ்சமலைக்குத்தான்.

அரியலூரை ஏன் இவ்வளவு பேர் விரும்புகிறார்கள் என்பது தெரிந்ததே. மேற்கு ஓரத்தில் நைஸ் என்ற பழைய உருமாறிய பாறை. அதன் மேல் டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸில் கடல் விட்டுப்போன படிவுகள் உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்கடுக்காக வருகின்றன. 1862-இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு பிரித்து வைத்த பெயர்கள்தான் இன்றும் புழங்குகின்றன. மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக பொதுவாகப் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். பாறையை அடையாளம் காண்பதும் கஷ்டமில்லை. ஒரு சொட்டு நீர்த்த ஆசிட் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு உள்ள பாறை என்று முடிவு செய்துவிடலாம். காரை என்ற ஊர்ப் பக்கம் அரித்துக் கிடக்கும் களிமண் ஓடைகளில் ஜிப்சத் தகடுகள் வெயிலில் பளபளக்கும். அவற்றுக்கிடையே துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலெம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிரின் எச்சம்) துண்டுகள் கிடக்கும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பெலெம்னைட் கண்ணில் பட்டால் போதும், மாணவர்களின் தலை குனிந்துவிடும். பை நிறையும், வரைபடத்தில் ஒரு கோடும் ஏறாது. தொல்லுயிர் எச்சம் பொறுக்குவது நல்ல படிப்புதான். ஆனால் மேப்பிங் என்பது ஒரு பாறை முடிந்து இன்னொன்று தொடங்கும் கோட்டை விடாமல் பின்தொடர்கிற வேலை. அரியலூரில் அந்தக் கோடு பல இடங்களில் கரிசலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கிணறு வெட்டி வெளியே கொட்டிய கல்லைப் பார்த்து, ஓடைக்கரையைப் பார்த்து, மண்ணின் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். சிமென்ட் ஆலைகளின் சுரங்கங்களில் வெட்டுமுகம் தெளிவாகத் தெரியும், ஆனால் அனுமதி வாங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை டிப், அதாவது அடுக்கு கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம். அரியலூரில் அடுக்குகள் பெரும்பாலும் மிகக் குறைந்த கோணத்தில்தான் சாய்கின்றன. 3 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். சமதரையில் டிப் திசையில் 1 கி.மீ. நடந்தால் கடந்த அடுக்கின் தடிமன் சுமார் 52 மீட்டர். புதிதாகக் கிளைனோமீட்டர் என்ற சாய்வளவியைப் பிடிக்கும் பிள்ளை அதே இடத்தில் 5 டிகிரி என்று எழுதிவிட்டால் தடிமன் 87 மீட்டர் ஆகிவிடும். அதே 2 டிகிரித் தவறு 50 டிகிரிச் சாய்வில் நடந்தால் கணக்கு 3 சதவீதம்கூட மாறாது. கை பழகாதவர்களை ஏன் முதலில் செங்குத்தான சாய்வுள்ள இடத்தில் விட வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கஞ்சமலையில் அந்தச் சாய்வு இருக்கிறது. இரும்புத்தாதும் குவார்ட்ஸும் கலந்த மேக்னடைட் குவார்ட்சைட் பட்டைகள் கறுப்பும் வெளுப்புமாக மலையைச் சுற்றி ஓடுகின்றன. கெட்டியான பாறை என்பதால் அரிப்புக்குத் தாக்குப்பிடித்து முகடாகத் துருத்தி நிற்கும். ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அது வளைந்து திரும்புவதைக் காலே உணரும். இரண்டு பக்கமும் மலையின் உள்நோக்கிச் சாய்வதைக் குறித்துக்கொண்டு குறுக்குவெட்டு வரையும்போது, காகிதத்தில் தொட்டில் போன்ற மடிப்பு தானாக உருவாகும். 1864-இல் நிலவியலாளர்கள் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் இந்தப் பகுதிகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே கவனம் பெற்ற மலை இது.

இங்கே இன்னொரு பாடமும் இலவசம். இரும்புப் பாறை மேல் பிரன்டன் காம்பஸை வைத்தால் முள் தாறுமாறாகத் திரும்பும். செல்போன் ஆப்பும் தப்பாது, அதற்குள்ளும் இருப்பது காந்த உணர்விதானே. அப்புறம் என்ன செய்வது? பாறையை விட்டுத் தள்ளி நின்று, முகடு ஓடும் திசையைத் தூரத்திலிருந்து பார்த்து ஸ்ட்ரைக்கை (பாறைப் பட்டை கிடைமட்டமாக ஓடும் திசையை) எடுக்க வேண்டும். கருவி சொல்வதை அப்படியே எழுதக் கூடாது என்பதை வகுப்பறையில் எத்தனை முறை சொன்னாலும் இப்படி மனதில் பதியாது.

கஞ்சமலையின் குறைகளையும் சொல்ல வேண்டும். பைராக்சீன் கிரானுலைட், ஹார்ன்பிளண்ட் நைஸ் என்ற இரண்டு உருமாறிய பாறைகளையும் கைலென்ஸ் வைத்துப் பிரிப்பது புதியவர்களுக்குத் திணறல். எது முந்தியது, எது பிந்தியது என்று பாறையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. வடிவத்தைக் கற்கலாம், வரிசையைக் கற்க முடியாது. அதற்கு அரியலூருக்கு வந்தே ஆக வேண்டும். மறைந்திருக்கும் எல்லையை ஊகித்துப் புள்ளிக்கோடாகப் போடும் துணிச்சலும் அங்கேதான் வரும். ஆனால் தெரிகிற எல்லையைச் சரியாகப் போடப் பழகிய பிறகு வர வேண்டிய துணிச்சல் அது. ஆகவே அரியலூர் அடுத்த வருடம்.

செலவோ வனத்துறை அனுமதியோ இடிக்கிறது, அரியலூர் மட்டும்தான் முடியும் என்றால் ஒன்று செய்யலாம். முதல் சில நாட்கள் நைஸும் படிவுப் பாறையும் சந்திக்கும் மேற்கு ஓரத்திலேயே முகாமை வையுங்கள். அந்த எல்லையின் இரு பக்கமும் பாறை அடியோடு வேறு, ஆசிட்கூட வேண்டாம். ஓடைக்கு ஓடை நடந்து அந்த ஒரே கோட்டை டோப்போஷீட் என்ற நில வரைபடத்தாளில் ஏற்றட்டும். காரைக்குக் கடைசி நாள் போனால் போதும்.