பழைய ஸ்டுடியோ என்லார்ஜரில் நாணயப் படம்: நாலைந்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாணயம் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று யார் கேட்டாலும், கேமராவைக் கடைசியில் பாருங்கள், முதலில் ஆடாத ஒரு ஸ்டாண்டும் இரண்டு நல்ல விளக்கும் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். 2021-இல் சேர்த்த செட்டப்பை வைத்துத்தான் இன்றைக்கும் எடுக்கிறேன். 12 மெகாபிக்சல் பழைய கேனான் 1100டி, ஒரு என்லார்ஜர் (பிலிம் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் கருவி) லென்ஸ், லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளிவைக்க நடுவில் சில வளையங்கள். எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிந்தது, அதில் பாதிக்கு மேல் கேமராவுக்குப் போனது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத் தக்கலைப் பக்கம் பழைய வீட்டுப் பெட்டிகளில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் திருவிதாங்கூர் காசுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்த ஊர் மலையாள நாட்டோடு இருந்ததால் பாட்டிமார் முந்தானையில் முடிந்ததும் அந்தக் காசுதான். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இதைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பேச்சுவார்த்தையெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பித்தான் நடக்கும். காசில் உள்ள சங்கின் வரி தேய்ந்திருக்கிறதா, கொல்லம் ஆண்டு 1116-ஆ 1118-ஆ (1116 என்றால் ஆங்கிலக் கணக்கில் 1940-41), செம்பில் பழைய சிவப்பு மிச்சம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து விலை மாறும். போனில் எடுத்த படத்தில் இவை தெளிவாகத் தெரிவதில்லை. போன் லென்ஸ் அகலக்கோணம் என்பதால் நாணயத்துக்கு மிக அருகில் போக வேண்டியிருக்கிறது, போனின் நிழலே காசின் மேல் விழுகிறது, வெளிச்சம் வர வழியில்லாமல் போகிறது.

இந்தச் செட்டப்பின் உயிர் என்லார்ஜர் ஸ்டாண்ட். பிலிம் காலத்தில் ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் இருட்டறை இருந்தது, அதில் கனத்த பலகை மேல் இரும்புத் தூண் நட்ட என்லார்ஜர் ஒன்று நிற்கும். டிஜிட்டல் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. எங்கள் பக்கம் ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் கேட்டேன், "கொண்டு போ மக்ளே, எடத்த அடச்சிட்டுக் கெடக்கு" என்று லென்ஸோடு சேர்த்து 1,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். விளக்குத் தலையைக் கழற்றி எடுத்துவிட்டு, லேத் பட்டறையில் ஒரு இரும்புத் தகடு வெட்டச் சொல்லி, கால் இஞ்ச் போல்ட் போட்டுக் கேமராவை அதில் கீழ்நோக்கி மாட்டினேன். கைப்பிடியைச் சுழற்றினால் கேமரா மேலும் கீழும் போகும். முக்காலியை வளைத்து, நடுத்தண்டைத் தலைகீழாக்கி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேலைக்கு ஆகாது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு தடவை பத்து நாணயம் எடுக்க உட்கார்ந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

லென்ஸ் 50 மி.மீ. எல்-நிக்கோர். என்லார்ஜர் லென்ஸ்கள் தட்டையான நெகட்டிவைத் தட்டையான தாளில் போடுவதற்கென்றே செய்தவை, அதனால் நாணயத்தின் நடுவும் விளிம்பும் ஒரே கூர்மையில் வரும். அதில் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையம் லென்ஸிலேயே இருப்பது இன்னொரு வசதி, மின்தொடர்பு இல்லாத மலிவு எக்ஸ்டென்ஷன் வளையங்களே போதும். 39 மி.மீ. மரையிலிருந்து 42-க்கு ஒரு மாற்று வளையம், அங்கிருந்து கேனானுக்கு ஒன்று, இடையில் தேவைக்கு ஏற்ப நீளம். போகஸ் மோட்டார் எதுவும் இல்லை, தூணை ஏற்றி இறக்கித்தான் போகஸ் பிடிக்க வேண்டும், பழகிவிட்டால் இதுவே சுலபம். இந்த லென்ஸின் பிந்தைய வகை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். அபெர்ச்சர் எண் இருட்டில் தெரிவதற்காக வெளிச்சம் நுழையும் சின்ன ஜன்னல் ஒன்று அதில் உண்டு, பக்கத்து விளக்கு அதன் வழியாக உள்ளே புகுந்து படத்தை வெளிறடிக்கும். கறுப்பு டேப் ஒட்டினால் சரியாகிவிடும். மலிவு வளையங்களின் உட்புறமும் பளபளப்பாக இருக்கும், அதற்குள் கறுப்பு வெல்வெட் தாள் சுருட்டிவைத்த பிறகுதான் செம்புக் காசின் கருமை கருமையாகவே வந்தது.

கேமரா பலகைக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வேண்டாம். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை நாணயம் வைக்கும் இடத்தில் வைத்து, லைவ் வியூவில் (லென்ஸ் பார்ப்பதைக் கேமராத் திரையில் நேரடியாகக் காட்டும் முறை) பாருங்கள், லென்ஸின் வட்டம் திரையின் சரி நடுவில் தெரிந்தால் நேர், விலகினால் தகட்டுக்கடியில் காகிதம் மடித்துச் செருகலாம். கேனானின் இலவச மென்பொருள் இருப்பதால் லேப்டாப் திரையில் பெரிதாக்கிப் பார்த்து அங்கிருந்தே கிளிக் செய்கிறேன். கை படாது, லைவ் வியூவில் உள்கண்ணாடியும் ஏற்கெனவே மேலே போயிருக்கும், அதிர்வு குறைவு.

இனி வெளிச்சம். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. வளைகழுத்து டேபிள் விளக்கு இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே வாட், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் போட்ட எல்இடி பல்பு. சிஆர்ஐ குறைந்த பல்பில் செம்பு எல்லாம் ஒரே காவி நிறமாகிவிடும், சிவப்பும் பழுப்பும் பிரியாது. அறை டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலை மூடி, சாம்பல் அட்டை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டால் நிறத்துக்காகப் பிறகு கணினியில் மல்லுக்கட்ட வேண்டாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுங்கும், ஷட்டரை 1/15 போல மெதுவாக வைத்தால் அது படத்தில் தெரியாது.

விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பக்கவாட்டில் தாழ வைத்தால் கீறல் எல்லாம் மலைபோல் எழும்பி, நல்ல காசும் கெட்ட காசாகத் தெரியும். கடிகாரத்தில் 10 மணி, 2 மணி இருக்கும் இடத்தில், லென்ஸில் மோதாத அளவுக்கு எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள். முக்கிய வெளிச்சம் எப்போதும் நாணயத்தின் தலைப்பக்கமிருந்துதான் வர வேண்டும், கீழிருந்து வந்தால் சங்கு புடைத்திருப்பதற்குப் பதில் பள்ளமாகத் தெரியும், கண் அப்படித்தான் ஏமாறும். புழங்காத வெள்ளிக்கு விளக்கை மறைக்காமல் அப்படியே விடுங்கள், அச்சடித்த பளபளப்பு சுழல்வது அந்த நேர் வெளிச்சத்தில்தான் தெரியும். செம்புக்குப் பட்டர் பேப்பர் ஒரு அடுக்கு கட்டினால் நிறம் இதமாக வரும். அப்புறம் விளக்கை நகர்த்துவதைவிட நாணயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் முகம் சட்டென்று எழும், அங்கே நிறுத்திக்கொண்டு படத்தைப் பிறகு கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம். திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் தலை போட்ட செப்புச் சக்கரத்தில் காதும் கன்னமும் தனித்தனியாகத் தெரிவது எனக்கு இப்படித்தான் வசப்பட்டது.

வெள்ளிச் சக்கரம் வேறு கதை. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், எடை அரை கிராம்கூட வராது. 1100டி-யின் சென்சார் உயரம் 14.7 மி.மீ., அதை இந்தக் காசு நிரப்ப வேண்டுமானால் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். அப்போது வளையங்கள் நீண்டுகொண்டே போகும், நாணயத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் மூன்று விரல் இடம்கூட மிஞ்சாது, விளக்குக்கு வழியே இல்லை. இதற்காகத்தான் பிறகு 75 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் ஒன்றும் தேடி வாங்கினேன், இடம் ஒன்றரை மடங்காகிறது. ஒரு மடங்குக்கு மேல் போகும்போது ரிவர்ஸ் ரிங் போட்டு லென்ஸைத் திருப்பி மாட்டினால் கூர்மை கூடும். எஃப் 8, 11 என்று அபெர்ச்சரைச் சுருக்கினால் மேடு பள்ளம் எல்லாம் கூர்மையாக வரும் ஆழம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மடங்கில் 5.6 என்பதே நடைமுறையில் 16 அளவுக்கு வேலை செய்யும், அதற்கு மேல் சுருக்கினால் படம் முழுக்க மங்கும்.

மிகவும் தேய்ந்த காசுகளுக்குப் போட்டோ பிரேம் கண்ணாடி ஒரு துண்டு உதவும். நாணயத்துக்கு மேல் 45 டிகிரி சாய்வில் நிறுத்தி, பக்கத்திலிருந்து ஒரு விளக்கு, எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி, விளக்கு நேராகக் காசில் படாமல் இடையில் ஒரு அட்டை. வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர் மேலிருந்து காசில் விழும், எழுத்து இருந்த தடம்கூட மேலே வரும். ஆனால் பளபளப்பு செத்துவிடும், விற்பனைப் படத்துக்கு இதை நான் பயன்படுத்துவதில்லை.

இத்தனை வருடத்தில் கெட்டுப்போனது என்று பார்த்தால், தூணின் பற்சக்கரம் கொஞ்சம் வழுக்க ஆரம்பித்தது, இறுக்கினேன். மரை வளையத்தில் ஒன்று ஆட்டம் கண்டது, மாற்றினேன். லைவ் வியூ பேட்டரியைக் குடித்துவிடும், மின்சாரத்தில் ஓடும் டம்மி பேட்டரி வாங்கியது உருப்படியான செலவு. உண்மையான எதிரி ஈரம். எங்களுக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, லென்ஸைச் சும்மா அலமாரியில் வைத்தால் பூஞ்சை வந்துவிடும். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன், நீல மணிகள் ரோஸ் நிறமானதும் காயவைத்துத் திரும்பப் போடுவேன். நாணயங்களையும் பிவிசி உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்த உறை வேர்த்துச் செம்பில் பச்சைப் பசை படியவிடும். படத்துக்காக என்று புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. தேய்த்த காசு லென்ஸுக்கு முன்னால் தப்பவே தப்பாது, வாங்குகிறவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அடையாளம் கேட்க மட்டும் படம் வேண்டும் என்றால் இவ்வளவு வேண்டாம், போனில் 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, மேலே சொன்னபடி விளக்கை வைத்து எடுங்கள். சேகரிப்பை முழுதாகப் பதிவு செய்ய நினைப்பவர்கள் பக்கத்து ஊர் ஸ்டுடியோக்களில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் இருட்டறையைக் குடோனாக்கிய கடைகள் இன்னும் இருக்கின்றன, பழைய இரும்புக்குப் போவதற்கு முன் கேட்டால் தருவார்கள்.