இடம் மாற்றும் தடுப்புச் சுவர்கள்: மூன்று ஆண்டு, மூன்று தளம்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்கூடத்தின் ஒரு பாதியில் உற்பத்தி நிற்காமல் நடக்க, மறுபாதியில் நாங்கள் கட்டட வேலை பார்க்க வேண்டியிருந்ததால், 2022-இல் இடம் மாற்றக்கூடிய தடுப்புப் பேனல்கள் 60 செய்தோம். 40 மி.மீ. சதுரக் குழாயில் சட்டம், அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட், 8 அடி உயரம், 4 அடி அகலம். அதே பேனல்கள் பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனை விரிவாக்கத்துக்கும், தருமபுரியில் ஒரு பழைய திருமண மண்டபத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கும் போயின.

முதல் முறை நிறுத்தியபோது எந்தச் சிக்கலும் தெரியவில்லை. பிரிக்கும்போதுதான் தெரிந்தது. பக்கத்துப் பேனல்களை இணைக்கும் போல்ட் துளைகளை வட்டமாகவே போட்டிருந்தோம். சட்டம் நூலளவு திருகியிருந்தாலும் துளைகள் நேர்படாது. நேர்படாத இடங்களில் வெல்டர் எங்களிடம் கேட்காமலேயே புள்ளி வெல்டிங் வைத்துவிட்டார். கழற்றும் நாளில் கிரைண்டரால் அறுக்க வேண்டியதாயிற்று. இயங்கும் தொழிற்கூடத்துக்குள் தீப்பொறி பறக்கும் வேலை என்பதால் அனுமதிச் சீட்டு, தீயணைப்பான், காவலுக்கு ஓர் ஆள் என்று அரை நாள் வேலை இரண்டு நாளாக நீண்டது. அதன் பிறகு எல்லாத் துளைகளையும் நீள்துளைகளாக மாற்றி, பேனலுக்கு எண் எழுதி, போல்ட்டுகளை அந்தந்தச் சட்டத்திலேயே கம்பியால் கட்டித் தொங்கவிடுகிறோம்.

கிருஷ்ணகிரியில் காற்று பாடம் கற்றுக்கொடுத்தது. ஜன்னல் பொருத்தாத மாடியில், ஆடி மாதத்து இரவொன்றில், வரிசையாக நான்கு பேனல்கள் உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அந்த நேரத்தில் அங்கே ஆள் இல்லாதது எங்கள் நல்ல காலம். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்றே எங்கள் அளவுப் பேனல் ஒன்றை ஏறத்தாழ 18 கிலோ விசையுடன் தள்ளும், வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும் என்ற கணக்கை அதற்குப் பிறகுதான் போட்டுப் பார்த்தோம். தளத்தில் துளையிட அனுமதி இல்லாததால், 8 அடிக்கு ஒரு சாய்வு முட்டு கொடுத்து, அதன் காலில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். பிறகு ஒன்றும் விழவில்லை.

தருமபுரி மண்டபத்தின் மொசைக் தரை, கழுவும் நீர் வடிவதற்காக ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தொழிற்கூடத்துத் தரையில் ரசமட்டம் பார்த்தவுடன் நின்ற பேனல், இங்கே ஒரு மூலையில் ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது. மரத்துண்டு ஆப்பு வைத்தால் ஆட்கள் நடக்கும் அதிர்வில் நழுவிவிடும். இரண்டு அடிமூலைகளிலும் நட்டு வெல்டிங் செய்து, திருகி உயர்த்தும் ஜாக்கி போல்ட் பொருத்திய பின்பே தூக்குக்குண்டுக்கு நேராக நின்றது. கீழ் இடைவெளியைத் தடித்த ஃபோம் பட்டை அடைத்தது. தூசு பெரும்பாலும் நின்றது. சத்தத்தை இந்தப் பேனல் தடுக்காது. அப்படி யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

பிளைவுட்டின் பெரிய எதிரி க்யூரிங் தண்ணீர், அதாவது புதுக் கான்கிரீட்டும் பூச்சும் இறுக ஊற்றும் தண்ணீர். விளிம்புக்கு பிரைமர் அடிக்காமல் விட்டவற்றில் அடிப்பக்கம் அடுக்கடுக்காகப் பிரிந்து உப்பியது. ஜிப்சம் பலகையையும் ஒரு பகுதியில் முயன்றோம், அது இன்னும் விரைவாக நொந்தது. ஏற்றிச் செல்லும்போது ‘சின்ன யானை’ சரக்கு வண்டியில் படுக்க வைக்காமல், இடையில் சாக்கு கொடுத்து நிமிர்த்தி அடுக்கினால் மூலைகள் தப்புகின்றன.

இன்று 60-இல் 47 நல்ல நிலையில் உள்ளன. மீதி சிமெண்ட் மூட்டைக்கு மறைப்பாக நிற்கின்றன. ஒரு பேனல் நாற்பது கிலோவை நெருங்குவதால் படிக்கட்டுத் திருப்பத்தில் இருவர் திணறுகிறார்கள். அடுத்த தொகுதியை 3 அடி அகலத்தில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.