பேரனுக்கு வாங்கிய கால்குலேட்டரும் 4294967297-உம்

மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். அவனுக்காகப் போன மாதம் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சைன், காஸ் எல்லாம் எதிலும் சரியாகத்தான் வரும். அதனால் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன்.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டும் இந்த வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர், 641 இதை மீதியில்லாமல் வகுக்கும் என்று காட்டிவிட்டார்.

எண்ணைத் தட்டி, சமக்குறி அழுத்தி, ஷிஃப்டோடு, எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் ஃபேக்ட் (FACT) விசையை அழுத்தினேன். உடனே திரையில் 641×(6700417).

"என்ன ஆயா, பாதியிலேயே நிறுத்திடுச்சு?" என்றான் பேரன். அந்த அடைப்புக்குறிதான் எனக்குப் பிடித்தது. சின்னக் காரணிகளை மட்டும் தேடிவிட்டு, 'இதற்கு மேல் நான் பிரித்துப் பார்க்கவில்லை' என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. எங்கள் ஐயா பர்மாவில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் வேலை பழகும் சிறுவனாக, கணக்குப் பழகியவர். மேலிருந்து கூட்டியதைக் கீழிருந்தும் ஒருமுறை கூட்டாமல் பேரேட்டை மூடமாட்டார்.

சரி, மிச்சத்தை நாமே பார்ப்போம் என்று வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நோட்டை விரித்து உட்கார்ந்தோம். இந்தப் பெரிய எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். இதுவும் ஆய்லர் கண்டதே. அந்த உருவில் 641-க்கு முன்னால் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577. நான்கும் பெரிய எண்ணையே வகுக்கவில்லை, அப்புறம் அதன் காரணியை எப்படி வகுக்கும்? 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுவதால் அதுவரை பார்த்தால் போதும். பட்டியல் போடும்போது 64×27+1 என்ற இடத்தில் 1729 வந்தது. "ஆயா, ராமானுஜன் நம்பர்!" என்று துள்ளினான். ஆனால் அது 7×13×19, அடித்துவிட்டோம். மிஞ்சியவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழே வகுத்தல். 641-இல் மீதி 44, 769-இல் 120, இப்படியே போய்க் கடைசி 2113-இல் 94. எதிலும் பூஜ்யம் வரவில்லை. ஆக, 6700417 பகா எண்தான். பேரன் நோட்டில் அந்த அடைப்புக்குறியை நீக்கி எழுதினான்.

குறை என்றால், ஷிஃப்ட் வேலைகளுக்கான மஞ்சள் எழுத்துகள் மிகவும் பொடி. என் கண்ணுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். மேல்மூடியும் இறுக்கம். விசைகள் மெத்தென்று நன்றாக அழுந்துகின்றன.

ஃபேக்ட் வசதி எல்லா மாடலிலும் இல்லை. கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, இந்தப் பத்து இலக்கத்தையும் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.