பீட்டர்மாரிட்ஸ்பர்க் சரிவுகளில் ஒரு பழைய ‘சண்டே’: புதுப்பித்ததும் ஓட்டியதும்

மலைச்சரிவில் வேகமாக இறங்கும் பந்தயத்துக்கான பழைய டவுன்ஹில் சைக்கிள் ஒன்றைப் புதுப்பிக்க நினைப்பவர், எந்தெந்தப் பாகத்தைத் தொடக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. அயர்ன் ஹார்ஸ் நிறுவனத்தின் ‘சண்டே’ வகை வண்டி ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வைத்திருக்கிறேன். நகரத்துக்கு அருகிலுள்ள கிபா பள்ளத்தாக்கிலும், மேட்டு நிலத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் காஸ்கேட்ஸ் பூங்காவிலும் ஓட்டியதில் எது தேய்ந்தது, எது நிலைத்தது என்பதைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

ஆஸ்திரேலிய வீரர் சாம் ஹில் 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றது இந்த வகைச் சைக்கிளில்தான். டேவ் வீகல் வடிவமைத்த டி.டபிள்யூ. இணைப்பு முறையில், இரண்டு குட்டையான இணைப்புக் கைகள் ஒரே திசையில் சுழன்று பின்சக்கரத்தை மேலே தூக்குகின்றன. மிதிக்கும்போது செயின் இழுக்கும் விசை, வண்டி பின்னால் அமுங்குவதைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. காஸ்கேட்ஸின் பந்தயத் தடத்தில் நடுவே நீண்ட தூரம் மிதித்தே ஆக வேண்டிய தட்டையான பகுதி ஒன்று உண்டு. 2009-இல் உலகக் கோப்பைச் சுற்று அங்கு நடந்தபோது அதைப் பற்றி வீரர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பகுதியில் இந்தச் சட்டகத்தின் அருமை எனக்கு ஒவ்வொரு முறையும் புரிகிறது. ஆகவே, சட்டகத்தின் கோணங்களையும் இணைப்பு முறையையும் மாற்றும் எந்த யோசனைக்கும் நான் இடம் கொடுக்கவில்லை.

வேலை தொடங்க வேண்டிய இடம் இணைப்புக் கைகளின் மூட்டுகளில் உள்ள பேரிங்குகள். இவை முழுச் சுற்றுச் சுழல்வதில்லை. சிறு வளைவுக்குள் முன்னும் பின்னும் அசைந்தபடி பெரும் பாரத்தைத் தாங்குகின்றன. எனவே குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூண்டு இல்லாமல், குண்டுகள் நெருக்கமாக அடைக்கப்பட்ட வகையைத்தான் வாங்க வேண்டும். உள்ளே கிரீஸும் நிறைந்திருக்க வேண்டும். பழையவற்றைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றினால் அலுமினியக் குழியின் விளிம்பு நசுங்கும். ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் அளவு கொடுத்து, பேரிங்குகளை மெல்ல அழுத்தி வெளியேற்ற நீண்ட திருகுத்தண்டும் அதற்கேற்ற வளையங்களும் கடைந்து வாங்கினேன். “சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடு, தம்பி” என்பதுதான் அவர் சொன்ன ஒரே அறிவுரை. கடலோரக் காற்றில் உப்பு அதிகம் என்பதால், மழைக்காலம் முடிந்ததும் இணைப்புகளைக் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவ்வேளையில் வெல்டு ஓரங்களையும் விளக்கு பிடித்துப் பார்த்துவிடுவேன். அலுமினியம் ஓசையில்லாமல் களைப்படைந்து விரிசல் விடும் உலோகம்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கண்மதிப்பை நம்புகிறார்கள்; கணக்கு எளிதாக இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. பின்சக்கரம் 203 மி.மீ. மேலேறும்போது, ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் (அதிர்வுதாங்கி) 76 மி.மீ., அதாவது 3 அங்குலம் அமுங்குகிறது. விகிதம் ஏறத்தாழ 2.67. என் எடை 82 கிலோ. நின்றபடி இறங்கும்போது பின்சக்கரத்தின்மேல் சுமார் 60 கிலோ, அதாவது 132 பவுண்டு விழுவதாகக் கொண்டு 2.67-ஆல் பெருக்கினால், ஷாக்கின்மேல் ஏறத்தாழ 350 பவுண்டு வருகிறது. வண்டியுடன் வந்த 450 பவுண்டு ஸ்பிரிங் (ஓர் அங்குலம் அமுங்க அத்தனை பவுண்டு வேண்டும்) இந்தப் பாரத்துக்குக் கால் பங்குதான் அமுங்கியது. 350 பவுண்டு ஸ்பிரிங் சரியாக ஓர் அங்குலம், அதாவது மூன்றில் ஒரு பங்கு அமுங்கி உட்காருகிறது. வண்டியின் குணமே மாறிவிட்டது. இத்தனை செலவுகளிலும் மிகச் சிறிய செலவு இதுதான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், 32 மி.மீ. கால்கள் கொண்ட பழைய ‘பாக்ஸர்’ வகை. தூசித் தடுப்பு வளையங்களையும் எண்ணெயையும் மாற்றியதோடு நிறுத்திக்கொண்டேன். இப்படி இரண்டு குறுக்குத் தாங்கிகள் கொண்ட இரட்டைக் கிரீட ஃபோர்க்குகளில், சட்டகத்துக்குள் நுழையும் திருப்புத் தண்டின் அளவு இன்றுவரை பெரிதாக மாறாததால் புதிய ஃபோர்க்கை மாட்ட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவை பெரிய சக்கரங்களுக்கு உரியவை. மாட்டினால் முன்பக்கம் உயர்ந்துவிடும். அந்தத் தண்டு நுழையும் தலைக்குழல் 1.5 அங்குல அகலம் கொண்டதால், ஃபோர்க்கின் கோணத்தை ஒரு பாகை சாய்க்கும் கிண்ணங்களையும் பொருத்தலாம். அப்படிச் செய்தால் ஏற்கெனவே தாழ்வாக உள்ள மிதியச்சு இன்னும் தாழும். கிபாவின் பாறைகளில் பெடல் இடிக்கும். அதனால் தலைக்குழலின் 64 பாகைக் கோணத்தையே வைத்திருக்கிறேன்.

பணத்தைத் தாராளமாகச் செலவிட்டது பிரேக்குக்கும் டயருக்கும். பழைய பிரேக்கில் இருந்தது டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை குறையும். டர்பனின் புழுக்கத்தில் அதை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. கனிம எண்ணெயில் இயங்கும், நான்கு பிஸ்டன் கொண்ட ஷிமானோ செயிண்ட் பிரேக்கை 203 மி.மீ. தட்டுகளுடன் மாட்டினேன். நீண்ட இறக்கத்தின் முடிவிலும் ஒற்றை விரலால் பிடிக்க முடிகிறது; கை மரத்துப்போவதில்லை.

26 அங்குல டயர்களின் வகைகள் ஆண்டுதோறும் குறைந்துவந்தாலும், மேக்ஸிஸ் மினியன் 2.5 அங்குல அகலத்தில் கிடைக்கிறது. இங்கே முள் அதிகம். உள்டியூப் வைத்து ஓட்டுவது வீண் வேலை. பழைய ரிம்மின் உள்விளிம்பு டியூப்லெஸ் டயரை இறுகப் பிடிக்காமல் வளைவுகளில் காற்றைக் கக்கியதால், ரிம்களை மட்டும் மாற்றி, சக்கரத்தின் நடுவிலுள்ள பழைய ஹப்களிலேயே ஆரக் கம்பிகளைக் கோத்துக்கொண்டேன். 2013 உலகப் போட்டியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரரான கிரெக் மினார், காற்றிறங்கிய பின்டயருடன் கோட்டைக் கடந்து பட்டம் வென்றது காஸ்கேட்ஸில்தான். அவரால் முடிந்தது, நாம் ரிம்மை வளைத்துக்கொண்டு காரை நோக்கி நடப்போம்.

பின்ஹப்பின் 150 மி.மீ. அகலம் வழக்கொழிந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பின்னர் வந்த 157 மி.மீ. ஹப்களில் சிலவற்றின் முனை மூடிகளை மாற்றினாலே 150-க்குப் பொருந்தும். கியரைப் பொறுத்தவரை, பின்பக்கம் பத்துப் பல்சக்கரங்களும் செயினைத் துள்ளவிடாத கிளட்ச் உள்ள ஷிமானோ ஸீ டெரெய்லரும் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) போதும்; பன்னிரண்டுக்குப் போவது இறக்கத்துக்குப் பயன்படாத ஆடம்பரம். கைப்பிடித் தண்டை 780 மி.மீ. அகலமாக்கியது, குட்டையான இந்தச் சட்டகத்தில் மார்பை முன்னே கொண்டுவந்து முன்சக்கரத்துக்குப் பிடிமானம் தந்தது.

உண்மையான தட்டுப்பாடு டெரெய்லரைத் தாங்கும் சிறு தொங்குதட்டுக்குத்தான். மூல நிறுவனம் இல்லாமல்போன பிறகு, அது உடைந்தால் மொத்த வண்டியும் சுவரோரம் சாய்ந்துவிடும். ஜேக்கப்ஸ் அண்ணனிடமே பழையதை மாதிரியாகக் கொடுத்து, சட்டகத்தைவிட மென்மையான அலுமினியத்தில், அடிபட்டால் தட்டுதான் முதலில் வளைய வேண்டும் என்று சொல்லி, இரண்டு செய்து வாங்கியிருக்கிறேன். ஒன்று வண்டியில் இருக்கிறது. மற்றொன்றை அதன் திருகுகளோடு முதுகுப்பையில் வைத்திருக்கிறேன்.