காரைக்குடிப் பக்கம் ஒரு வேளார் பட்டறை

எங்கள் ஊர் ஐயனார் கோவிலில் புரவி எடுப்பு, அதாவது சாமிக்கு மண் குதிரை செலுத்தும் திருவிழா. அதற்குக் காரைக்குடிப் பக்கம் மண் சிலை செய்யும் குயவரான ஒரு வேளாரிடம் குதிரை செய்யக் கொடுத்தோம். வேலை தொடங்கச் சம்பிரதாயமாகக் கொடுக்கும் பிடிமண்ணை வாங்கியதுமே வேலையில் இறங்கிவிட்டார். கண்மாய் மண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் நாலு காலையும் நிறுத்துகிறார். அது இறுகிய பிறகுதான் வயிறு ஏறுகிறது. உள்ளே வெறும் கூடுதான். சுட்ட குதிரையை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கிறது. கழுத்து மணி ஒவ்வொன்றும் கையால் உருட்டி ஒட்டியது. முகத்தில் அந்தத் திமிர் இருக்கிறதே, அப்பப்பா!

பிள்ளையார்பட்டி கணபதி ஸ்தபதியின் 133 அடி வள்ளுவரைக் கொண்டாடுகிறோம், சரி. இந்த மண் சிற்பிகளின் கைவேலையும் அதே மரியாதைக்குரியது. கூலியில் பேரம் பேசாதீர்கள். மழைக்காலத்தில் சூளை தள்ளிப்போகும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம், எனாமல் பெயின்ட் வேண்டாம், காவியும் சுண்ணாம்பும் போதும் என்று கேட்டால் அப்படியே செய்து தருவார்.