சபை கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒரு சேவை: கொடுத்து வாங்கிய அனுபவம்

வீட்டில் பழைய ஆடியோ கேசட் வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக ஆராதனையிலும் ஜெபக் கூட்டத்திலும் தாங்களே பதிவு செய்த கேசட் வைத்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். திருநெல்வேலியில் ஒரு தம்பி தன் வீட்டு மாடியில் தனியாளாகச் செய்கிற வேலை இது. கூட்டம் சேர்ந்தால் நிதானமாகப் பார்க்க முடியாது, பெயர் போட வேண்டாம் அக்கா என்று கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்று தெரிந்தால், நீங்கள் எந்த ஊரில் யாரிடம் கொடுத்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

என்னிடம் இருந்தவை எல்லாம் 1980களின் கடைசியிலிருந்து 90களின் நடுப்பகுதி வரை தூத்துக்குடியில் எங்கள் சபையில் சித்தப்பா பதிவு செய்தவை. பெரிய ஸ்தாபனம் எதிலும் சேராத சின்னப் பெந்தெகொஸ்தே சபை. முதலில் ஓலைக் கொட்டகை, பிறகு ஆஸ்பெஸ்டாஸ். பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சித்தப்பா ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த தன் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு வந்து பிரசங்க மேசைக்குக் கீழே வைத்து, ஆரம்ப ஜெபம் தொடங்கும்போது பட்டனை அழுத்துவார். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் முடிந்து 'டக்' என்று நிற்கும், அவர் குனிந்து போய்த் திருப்பிப் போடுவார். பாஸ்டர் ஐயா அதுவரை செய்தியை, அதாவது பிரசங்கத்தை, நிறுத்த மாட்டார், அதனால் எல்லாச் செய்தியிலும் நடுவில் ஒரு வாக்கியம் காணாமல் போயிருக்கும்.

இந்தக் கேசட்டுகள் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொன்னால்தான் மதிப்புரை புரியும். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. சினிமாப் பாட்டு கிடையாது. கம்மல், வளையல், பூ, பொட்டு எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் வரும்போதெல்லாம் ஏன் காது மூளியாக இருக்கிறது என்று ஒரு தடவை கேட்பார்கள், நானும் 'நாங்க பெந்தெகொஸ்தே டீச்சர்' என்று சொல்வேன், வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்க்கும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சி.எஸ்.ஐ. அவர்கள் கோயிலில் ஆர்கனுக்கு ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒழுங்காக எழுந்து நின்று பாடுவார்கள், எங்களைக் 'கைதட்டுக் கூட்டம்' என்பார்கள். கல்யாண வீட்டில் அது கொஞ்சம் வலிக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம் தொடங்கி, பெண்கள் பக்கம் டாம்பரின்கள் சேர்ந்து, பாட்டின் வேகம் கூடக் கூட எல்லாரும் எழுந்து கைதட்டும்போது அந்த வலி எதுவும் ஞாபகத்தில் இருக்காது. எனக்குச் சங்கீதம் என்றால் அதுதான். தாளம் என்றால் என்னவென்று அந்தப் பாயில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன், அம்மா டாம்பரின் அடிக்கும்போது அவள் மணிக்கட்டைப் பார்த்து.

சரி, வேலைக்கு வருகிறேன்.

தூத்துக்குடி கடல் காற்றில் கேசட் என்ன கதியாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேசட்டின் நடுவில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். இதை அப்படியே பிளேயரில் போடக் கூடாது. பூசணம் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டும், ஹெட்டிலிருந்து அடுத்த கேசட்டுக்குப் போகும். இந்தத் தம்பி முதல் நாளே எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூசணம் பிடித்தவற்றைத் தனியாகப் பிரித்துக்கொண்டார். அவற்றுக்கு என்று தனியாக ஒரு பழைய டெக் (கேசட் பிளேயர்) வைத்திருக்கிறார். அதில் ஓடவிட்டு, நாடாவைத் துடைத்து எடுத்த பிறகுதான் நல்ல டெக்குக்கு மாற்றுகிறார். சில கேசட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளிப் பஞ்சு உதிர்ந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் வந்து வந்து போகும். வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினார். திருகு இல்லாமல் ஒட்டி மூடிய கேசட்டுகளை மெதுவாகப் பிளந்து, நாடாவை எடுத்துப் புதுக் கூட்டில் மாற்றினார். சித்தப்பா பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஓடுகிற சி-60தான் வாங்குவார், அது நல்லதாகப் போயிற்று. ஒன்றரை மணி நேரம் ஓடுகிற சி-90ல் நாடா இன்னும் மெல்லியது, சீக்கிரம் கசங்கும், இழுபடும். கன்வென்ஷன் செய்திகளுக்கு மட்டும் சி-90 வாங்கியிருந்தார், அதில் ஒன்று உள்ளே கசங்கி, அந்த இடத்தில் சில நொடிகள் போய்விட்டன. அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது.

அடுத்த விஷயம்தான் இந்தத் தம்பி மேல் எனக்கு மரியாதை வந்த இடம். வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிவு செய்யும் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதில் பதிவானதை நேராக இருக்கும் நல்ல டெக்கில் போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாகக் கேட்கும். நாடா கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். கெடவில்லை. டெக்கின் ஹெட்டில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி அந்தச் சாய்வுக்குக் கொண்டுவந்தால் குரல் திறந்துகொள்ளும். அவர் ஒவ்வொரு கேசட்டுக்கும், சிலவற்றுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும், காதால் கேட்டுத் திருப்பினார். இதற்கு முன்னால் கூரியரில் அனுப்பிச் செய்கிற வேறொரு இடத்தில் மாதிரிக்கு ஒரு கேசட் கொடுத்திருந்தேன். அதே கேசட் அங்கிருந்து வந்ததற்கும் இங்கே வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அம்மாவே கேட்டுச் சொல்லிவிட்டாள், அவளுக்கு இப்போது ஒரு காது சரியாகக் கேட்காது.

இன்னொரு சிக்கல் வேகம். ஆராதனை நடுவில் கரண்ட் போகும், சித்தப்பா பேட்டரியில் ஓட்டுவார். பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடிப் பதிவாகும். இப்போது சரியான வேகத்தில் போட்டால் பாஸ்டர் ஐயாவின் குரல் கீச்சென்று சின்னப் பையன் குரலாகிவிடும். எவ்வளவு சரிசெய்ய வேண்டும் என்பதற்கு அளவு வேண்டுமே. எங்கள் சபையில், கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில், யாராவது நீட்டிக்கொண்டே போனால் பாஸ்டர் ஐயா மேசையில் இருக்கும் மணியைத் தட்டுவார். அந்த மணி எல்லா வாரமும் ஒன்றுதான். கரண்ட் இருந்த வாரத்து மணிச் சத்தத்தை எடுத்து, பேட்டரி வாரத்து மணிச் சத்தம் அதோடு சேரும் வரைக்கும் வேகத்தைக் குறைத்தார். 'அந்த மணி இல்லேன்னா குத்துமதிப்பாத்தான் பண்ணியிருப்பேன் அக்கா' என்றார். எத்தனையோ பேர் சாட்சியைப் பாதியில் நிறுத்திய மணி அது, ஆச்சிக்கு அது அடிக்காத வாரமே இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இப்படிச் செய்பவர்கள் எல்லாரும் 'நாய்ஸ் க்ளீன்' பண்ணித் தருவதை ஒரு சிறப்பாகச் சொல்வார்கள். இவரும் முதல் தவணையில் அப்படித்தான் கொடுத்தார். கேட்டேன், மனது ஒட்டவில்லை. செய்தி நேரம் தெளிவாக இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் ஆராதனை நேரத்தில் டாம்பரின் இல்லை. கைதட்டு இருக்கிறது, டிரம் இருக்கிறது, டாம்பரினின் கிலுகிலுப்பு மட்டும் தண்ணீருக்குள் அடிக்கிற மாதிரி குழம்பிக் கிடந்தது. அவரிடம் கேட்டபோது விளக்கினார். சாஃப்ட்வேர் முதலில் யாரும் பேசாத இடத்தில் நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சலை மாதிரியாக எடுத்துக்கொள்ளும், பிறகு பதிவு முழுவதிலும் அதைக் கழிக்கும். அந்த இரைச்சல் இருக்கும் உச்ச ஸ்தாயியில்தான் டாம்பரின் தகடுகளின் சத்தமும் இருக்கிறது. ஒன்றோடு மற்றதும் போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய இழப்பு ஸ்தோத்திர நேரத்தில். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பாட்டு முடியும், டிரம் ஓயும், ஆனால் சபை ஓயாது. ஒவ்வொருவரும் தங்கள் பாட்டுக்கு ஸ்தோத்திரம், அல்லேலூயா என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், சிலர் அழுவார்கள், சிலர் அந்நியபாஷையில் பேசுவார்கள், எல்லாம் கலந்து ஒரு பெரிய முழக்கமாக எழும்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, கடைசியில் எங்கோ மூலையில் ஒரே ஒருவர் மட்டும் மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். அப்புறம்தான் பாஸ்டர் ஐயா 'ஆமென்' என்று அடுத்ததுக்குப் போவார். அந்தத் தணிகிற பகுதி முழுவதையும் சாஃப்ட்வேர் இரைச்சல் என்று வெட்டியிருந்தது. முழக்கம், சட்டென்று வெறுமை, ஆமென். அப்படி எங்கள் சபை ஒருநாளும் இருந்ததில்லை.

சொன்னவுடன் அவர் கோபப்படவில்லை, கூடக் காசு கேட்கவில்லை. கை வைக்காத அசல் பதிவை எடுத்து வைத்திருந்தார், அதைக் கொடுத்தார். இரைச்சலோடு, ஃபேன் சத்தத்தோடு, வெளியே காக்கை கத்துவதோடு. நான் அழுதேன், சொல்வதற்கு என்ன. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் டாம்பரின் தனியாகத் தெரிகிறது, அவளுக்கு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சின்ன உதறல் உண்டு. முழக்கம் தணிந்து கடைசியில் மிஞ்சும் அந்தக் குரல் பல வாரங்களில் ஆச்சியுடையது. பக்கத்தில் உட்கார்ந்து எப்போது முடிப்பாள் என்று அவள் சேலை நுனியை இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை நான். இப்போது அவள் முடிக்காமல் இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

எதிர்பாராமல் கிடைத்தவையும் உண்டு. சித்தப்பா பழைய கேசட்டின் மேலேயே மறுபடி பதிவு செய்வார், மேலே பதிவாகாமல் இருக்க உடைத்துவிட்ட மூலையில் செல்லோ டேப் ஒட்டிவிட்டு. புதிய பதிவு முடிந்த இடத்துக்குப் பிறகு பழையது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வேறு ஆளாக இருந்தால் செய்தி முடிந்ததும் நிறுத்தியிருப்பார்கள். இவர் ஒவ்வொரு பக்கத்தையும் நாடா தீரும் வரை ஓடவிட்டார். அதில் ஒன்றில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக 23ஆம் சங்கீதம் ஒப்பிக்கிறோம். என் முறை வருகிறது, பாதியில் நாடா தீர்ந்துவிடுகிறது. இன்னொன்றில் ரேடியோவிலிருந்து பிடித்த பாட்டுகள். 1970 முதல் 2003 வரை சேஷெல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பிய ஃபீபா கிறிஸ்தவ வானொலி நிலையத்தைத் தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. அலை ஏறி இறங்கிப் பாட்டு தூரமாகப் போய்ப் போய்த் திரும்பி வருவதுகூட அப்படியே பதிவாகியிருக்கிறது.

கடையில் வாங்கிய பாட்டு கேசட்டுகளை இவரிடம் கொடுத்துக் காசு செலவழிக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இணையத்திலேயே இதைவிட நன்றாகக் கிடைக்கின்றன. உலகத்தில் ஒரே ஒரு பிரதி இருப்பதை மட்டும் கொடுங்கள்.

ஒரு கேசட்டுக்கு 250 ரூபாய், பூசணம் துடைக்க 100 கூட. மலிவு இல்லைதான். ஆனால் ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது, அதற்கு முன்னால் பிரித்துத் துடைத்துத் திருகுகிற நேரம் வேறு. அதைப் பார்த்தால் நியாயமான கூலி. ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே கொடுக்கிறார், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்பி வரும். அதைப் பத்திரப்படுத்திவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 நீங்களே மாற்றிக்கொள்ளலாம். முதலிலேயே எம்பி3 மட்டும் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

குறை என்று பார்த்தால், கோப்புகளுக்கு வெறும் எண்தான் போட்டிருந்தார். அட்டையில் சித்தப்பா கையால் எழுதிய தேதியும் பாஸ்டர்மார் பெயரும் எதிலும் ஏறவில்லை. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. கொடுக்கும் முன் அட்டைகளைப் போட்டோ எடுத்து, கேசட்டின் மேல் எண் எழுதிவிடுங்கள். போன் பகலில் எடுக்க மாட்டார், ரெக்கார்டிங் ஓடும் அறையில் போனை வைப்பதில்லையாம். வீடியோ கேசட் வாங்குவதில்லை. மழைக்காலம் வரும் முன் கொடுப்பது நல்லது, ஐப்பசி கார்த்திகையில் பூசணம் வேகமாகப் பரவும். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் குறைத்தது கோப்புகளில் பெயர் எழுதாததற்கு.

கொடுக்கும்போதே வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: சுத்தம் செய்த பிரதி ஒன்று, கை வைக்காத அசல் ஒன்று, நாடா தீரும் வரை ஓட்டவும்.

இன்னொன்று. அந்த நாட்களில் எங்கள் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், 1991 மே கன்வென்ஷனின் இரண்டாம் நாள் கேசட் என்னிடம் இல்லை. சித்தப்பா யாருக்கோ கேட்கக் கொடுத்தது திரும்பி வரவில்லை. அந்த ராத்திரிதான் ஆச்சியை மணி அடிக்காமல் முழுசாகச் சாட்சி சொல்ல விட்டார்கள் என்று அம்மா சொல்கிறாள். உங்கள் வீட்டில் எங்காவது கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கி, மாற்றி, உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறேன். செலவு என்னுடையது.