கராச்சிக்கும் டாக்காவுக்கும் நடுவே

ஐம்பது வயது முடிந்தபோது எனக்கு நானே ஒரு நல்ல வாட்ச் வாங்கிக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். சும்மா ஒரு வாட்ச் இல்லை, உலக ஊர்களின் பெயரெல்லாம் டயலைச் சுற்றி எழுதியிருக்குமே, அந்த மாதிரி. தொழில் மல்லிகை ஏற்றுமதி. மாட்டுத்தாவணியில் பூ எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டி, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறோம். நாள் முழுக்க மூன்று ஊர் நேரம் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆசைக்கு ஒரு காரணமும் கிடைத்தது.

போனிலேயே எல்லா ஊர் நேரமும் தெரியுமே என்பீர்கள். தெரியும். ஈரக் கையோடு பெட்டி கட்டும்போது போனை எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

மூன்று வாட்ச்களுக்கு நடுவில் நான்கு மாதம் அல்லாடினேன். முதலாவது, ஜெனீவாவின் பிரெடெரிக் கான்ஸ்டன்ட் செய்யும் கிளாசிக் வேர்ல்டுடைமர். நடுவில் உலகப் படம், சுற்றிலும் 24 ஊர். இரண்டாவது, ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஊரில் நோமோஸ் செய்யும் சூரிச் வெல்ட்சைட். மூன்றாவது, இந்த இரண்டோடும் ஒரே மேசையில் வைக்கக்கூட யோசிக்க வேண்டிய சீக்கோ 5 ஜிஎம்டி; ஜிஎம்டி என்றால் இன்னொரு ஊர் நேரத்துக்குத் தனி முள் உள்ள வாட்ச். முதல் இரண்டும் லட்சங்களில் போகிறவை, மூன்றாவது அரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். வாங்கியது மூன்றாவதைத்தான். ஆகவே இனி எழுதுவதில் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழகில் போட்டியே கிடையாது. சீக்கோ கடைசி. பிரெடெரிக் கான்ஸ்டன்டின் உலகப் படத்தைப் பார்த்தால் குழந்தைகூடக் கை நீட்டும். நோமோஸ் அதற்கு நேர்மாறு: அடக்கமானது, 39.9 மில்லிமீட்டர், என் மெலிந்த மணிக்கட்டுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. இரண்டு மணி எண்ணின் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஊர் வளையமும் மணி முள்ளும் ஒன்றாக ஒரு தாவு தாவும். சொந்த ஊர் நேரம் மூன்று மணிப் பக்கம் ஒரு சின்ன வட்டில் தனியாக ஓடும், அதில் ஒரு வீட்டுப் படம்கூட உண்டு. அந்தப் பொத்தானைக் கடைக்காரர் முகம் சுளிக்கும் வரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

இதைவிட மேலே போனால் அது வேறு உலகம். 1931இல் லூயி கோட்டியே என்ற ஜெனீவா கடிகாரக் கலைஞர் உருவாக்கிய அமைப்புதான் இந்த வகை வாட்ச்கள் எல்லாவற்றுக்கும் மூலம். பட்டேக் பிலிப் என்ற கம்பெனி தன்னுடைய 5131 வரிசையில் அதே அமைப்பின் நடுவே எனாமலில் உலகப் படம் வரைந்தது. மெல்லிய தங்கக் கம்பியை வளைத்துக் கரைகளை ஒட்டி, கட்டம் கட்டமாக எனாமல் பொடி நிரப்பி, உலையில் திரும்பத் திரும்பச் சுட்டெடுக்கும் வேலை. தெற்காவணி மூல வீதியில் கம்பிவேலை செய்யும் ஓர் ஆசாரியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணருகில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது ஒரு ஆள் வேலைதான், அவசரமில்லாத ஆள்" என்றார். நான் அந்த விலைக்குப் போகிறவன் இல்லை, அதனால் அந்தப் பேச்சு இதோடு போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கியதையும் வாங்காததையும் தீர்மானித்தது அரை மணி நேரம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது அவர் கையில் பிரெடெரிக் கான்ஸ்டன்ட் இருந்தது. "ஒரு வாரம் கட்டிப் பாருங்க மாப்ளே, பிடிச்சா வாங்குங்க" என்று கழற்றிக் கொடுத்தார். சொந்த ஊர்ப் பெயரை 12க்கு நேரே கொண்டுவந்தால் மற்ற ஊர்களின் நேரம் அந்தந்தப் பெயருக்கு நேரே தெரியும். அப்படி நம் நேரத்துக்கு வைக்கலாம் என்று ஊர் வளையத்தைத் திருப்பினேன். துபாய் வந்தது, அப்புறம் கராச்சி, அடுத்து டாக்கா. நடுவில் நாம் இல்லை. அது தயாரிப்பாளர் செய்த அவமரியாதை ஒன்றுமில்லை. கோட்டியே வழி வந்த அமைப்பில் 24 ஊருக்கும் முழு மணி வித்தியாசம்தான். கிரீன்விச்சிலிருந்து கராச்சி 5, டாக்கா 6. நாம் ஐந்தரை. 24 பல் உள்ள சக்கரத்தில் ஐந்தரைக்குப் பல் கிடையாது.

வேறு வழியில்லாமல் கராச்சியை 12க்கு நேரே வைத்து, முள்ளை நம் நேரத்துக்கு வைத்தேன். இப்போது என்ன ஆகும் என்றால், உலகம் மொத்தமும் அரை மணி முந்திக்கொள்ளும். நமக்குக் காலை 7 என்றால் வாட்ச் துபாய்க்கு 6 காட்டும், அங்கே நிஜத்தில் ஐந்தரை. சிங்கப்பூருக்கு 10 காட்டும், நிஜத்தில் ஒன்பதரை. டாக்காவை 12க்கு வைத்தால் எல்லாம் அரை மணி பிந்தும். அரை மணிதானே, மனசுக்குள் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே துபாய்க்காரருக்குப் போன் போட்டுவிட்டேன். "ஆறு மணிக்கு மேல எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொன்ன மனிதர். வாட்ச் ஆறு காட்டியது. அவர் தூக்கத்தில் பேசிய பேச்சை எழுத முடியாது. கழிக்க வேண்டும் என்று தெரியும், கழிக்க மறந்துவிட்டேன். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் பொருள் சரியான பதிலைச் சொல்ல வேண்டும், எனக்குக் கணக்குப் பாடம் வைக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால் மச்சானுக்கு அதே வாட்ச் பிரமாதமாக வேலை செய்கிறது. சிங்கப்பூர் முழு 8 மணி. லண்டன், டோக்கியோ, துபாய் எல்லாம் அவருக்குச் சரியாக வரும். அவர் பிறந்த ஊருக்கு மட்டும்தான் வராது.

நோமோஸிலும் இதே கதைதான். மதுரையிலிருந்து கிளம்பித் துபாயில் இறங்கிப் பொத்தானை அழுத்தினால் மணி முள் முழு மணியாகத்தான் தாவும், நிமிட முள் அரை மணி தப்பி நிற்கும். அதைத் திருத்தினால் வீட்டு நேரம் காட்டும் சின்ன வட்டும் கூடவே அரை மணி நகர்ந்துவிடும். சென்னையில் ஒரு கடையில் கட்டிப் பார்த்ததோடு சரி, அதுவும் கணக்காக ஓர் அரை மணி நேரம். பழகினால் இது பெரிய தொந்தரவாக இருக்காதோ என்னவோ. தினமும் போட்டிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் அரை மணிக்கு ஒரு பின்கதை உண்டு. 1906 ஜனவரி முதல் நாளிலிருந்து நாடு முழுக்க ஒரே நேரம் என்று வைத்தபோது மிர்சாப்பூர் அருகே போகும் எண்பத்திரண்டரை பாகைத் தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டார்கள், அதனால் வந்தது ஐந்தரை. அதற்கு முன்னால் ரயில்வே ஓடிய மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. அந்தக் கணக்கில் வாட்ச் செய்யச் சொன்னால் ஜெனீவாக்காரர்கள் தொழிலையே விட்டிருப்பார்கள்.

இதையும் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். வாசெரான் கான்ஸ்டன்டின் 2011இல் கொண்டுவந்த வேர்ல்டு டைம் 37 நேர மண்டலங்களைக் காட்டும், அரை மணி, முக்கால் மணி எல்லாம் அடக்கம். நமக்கும் நேபாளத்துக்கும் இடம் கொடுத்த வாட்ச். விலையைக் கேட்ட கையோடு பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது சீக்கோ. 2022இல் வந்த வரிசை இது. எண் எஸ்எஸ்கே001 என்பது கறுப்பு டயல், என்னுடையது அதுதான். சாதாரண முள்களோடு 24 மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றும் நாலாவது முள் ஒன்று, வெளியே 24 வரை எண் போட்ட சுழலும் வளையம். ஊர்ப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அந்த வளையம் 'டிக் டிக்' என்று நிற்காமல் வழுவழுப்பாகச் சுழன்று விட்ட இடத்தில் நிற்கும். என் பிரச்சினை தீர்ந்தது இங்கேதான். நாலாவது முள்ளை நம் நேரத்தில் வைத்துவிட்டேன். ஒரு கோடு ஒரு மணி; வளையத்தை ஒன்றரைக் கோடு வலமாகத் திருப்பினால் துபாய், இரண்டரைக் கோடு இடமாகத் திருப்பினால் சிங்கப்பூர். துபாய்க்குத் திருப்பியிருந்தால், நமக்கு 7 மணிக்கு அந்த முள் வளையத்தின் ஐந்துக்கும் ஆறுக்கும் நட்டநடுவில் நிற்கும். கழிக்க வேண்டியதில்லை, மறக்கவும் வழியில்லை. ரோலெக்ஸின் ஜிஎம்டி மாஸ்டர் 2 எத்தனையோ மடங்கு உசத்தியான வாட்ச், 1955இல் விமானிகளுக்காகத் தொடங்கிய பரம்பரை. ஆனால் அதன் வளையம் 24 டிக்கில் முழு மணிக்கு முழு மணி நிற்கிறது, நம் அரை மணிக்கு அங்கும் இடமில்லை.

லண்டனுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். அங்கே கோடையில் மணியை ஒன்று முன்னே தள்ளுவார்கள். அச்சடித்த ஊர் வளையத்துக்கு அது தெரியாது. சுழலும் வளையத்தில் ஒரு கோடு குறைத்துத் திருப்பினால் போதும்.

சர்வீஸ் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டவுன்ஹால் ரோடு பக்கம் வழக்கமாகப் போகும் ரிப்பேர்காரர் சீக்கோவைத் திறந்து பார்த்து, இது நம் ஊரிலேயே முடியும் என்றார். மற்ற இரண்டின் படத்தைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். நான் வாங்கிப் பதினாலு மாதம்தான் ஆகிறது, சர்வீஸுக்குக் கொடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. மறுவிற்பனை பற்றி விசாரிக்கவே இல்லை, விற்கிற எண்ணம் கிடையாது.

குறையும் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி முந்துகிறது, ஞாயிற்றுக்கிழமை திருத்திக்கொள்கிறேன். கண்ணாடி சபையர் இல்லை, ஒரு கீறல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் வளையத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது, ஒரே பார்வையில் எல்லா ஊரும் தெரியும் சுகம் இதில் இல்லை. அதைவிட முக்கியம், எந்த வழுவழுப்புக்காக வாங்கினேனோ அதுவே சில நாள் காலை வாருகிறது. பெட்டியின் ஓரத்தில் உரசினால் வளையம் கால் கோடு நகர்ந்துவிடும். இப்போதெல்லாம் துபாய்க்குப் போன் போடுவதற்கு முன் வளையத்தின் முக்கோணக் குறி ஒன்றரைக் கோட்டில்தான் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். பெட்டி கட்டும் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, துபாய்க்காரர் எந்திரிச்சுட்டாரா?" என்று கேட்கிறார்கள்.